ஜாகாக்காரர் எடுத்த படம்

யார் வீட்டுக்குப் போனாலும் அப்பா முதலில் பார்ப்பது பின்கதவைத்தான். வாங்க வாங்க என்று வாசலில் ஆள் நின்று கூப்பிட்டாலும், சோபாவில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாலும், அவர் கண் சமையல்கட்டைத் தாண்டிப் போய்ப் பின்கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பும். சாத்தியிருந்தால், "பகல்லயே எதுக்குச் சாத்தி வச்சிருக்காங்க?" என்று என் காதில் கேட்பார். திறந்திருந்தால், "இப்படித் தொறந்து போட்டா எவன் வர்றான் எவன் போறான்னு யாருக்குத் தெரியும்?" என்பார். அவர் மனத்துக்குப் பிடித்த மாதிரி ஒரு பின்கதவை இந்தக் கெடா மாநிலத்தில் யாரும் வைத்திருக்கவில்லை.

அவரிடம் கேள்வி கேட்பது இன்னும் கஷ்டம். எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "சாப்பிட்டீங்களாப்பா?" "எதுக்குக் கேக்குற?" "மழை வருமாப்பா?" "எதுக்குக் கேக்குற?" ஒருமுறை கிளினிக்கில் டாக்டர், "எங்கே வலிக்கிறது?" என்று மலாயில் கேட்டதற்கும் இவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எதுக்குக் கேக்குற என்கிற மாதிரி அவரைப் பார்த்தார். டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தாலும் உள்ளுக்குள் எரிச்சல்தான் அதிகம். ஒரு மனிதரிடமிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்க எத்தனை பேர் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது!

அப்பா போன வருஷம் போய்விட்டார். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுது என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னால் எழுதியிருக்க முடியுமா என்று தெரியவில்லை. நான் எடுத்த ஒரே ஒரு சொந்தப் படத்தைப் பார்த்தவர்கள், "உன் அப்பா நிஜமாகவே அப்படித்தானா?" என்று கேட்கிறார்கள். அதற்குத்தான் இது.

கரங்கான் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அவர் ஜாகா. பள்ளிக்கூடத்தில் காவல்காரர் என்று எழுதச் சொல்வார்கள், தோட்டத்தில் ஜாகாதான். பால் வடியும் கிண்ணமான மங்கில் உறைந்துகிடக்கும் கட்டிப்பாலைத் திருடி விற்கிறவர்கள் அப்போது நிறையப் பேர். அவர்களைப் பிடிக்க அப்பாவிடம் ஒரு வழி இருந்தது. மரத்தின் வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பரை ஒட்டுப்பால் என்போம். உரித்து இழுத்தால் நூல் மாதிரி நீளும். அதை ஒற்றையடிப் பாதைக்குக் குறுக்கே, முழங்கால் உயரத்தில், இரண்டு மரங்களுக்கு இடையே கட்டிவிட்டு வருவார். காலையில் அறுந்து கிடந்தால் ஆள் போயிருக்கிறான். ஆனால் அன்றைக்கே பிடிக்க மாட்டார்.

"மொத நாளே புடிச்சா ஒரு மூட்டதான் கெடைக்கும்" என்று மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் சொல்வார். "விட்டுப் புடிக்கணும்லா. எங்க கொண்டுபோறான், யாரு வாங்குறான், எல்லாம் தெரியணும்."

அப்படி விட்டு விட்டுப் பின்னாலேயே போய், குலிம் வரைக்கும் மோட்டார் சைக்கிளில் தொடர்ந்து, திருட்டுப் பால் வாங்குகிற கடையையே காட்டிக் கொடுத்தவர் அவர். தோட்டத்துத் துரை ஒரு சட்டைத் துணி பரிசாகக் கொடுத்தார். அதைத் தைப்பதற்கு முன் அப்பா வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார்.

தோட்டத்தோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஒட்டுப்பால் நூல் எங்கள் லயத்து வரிசை வீட்டின் பின்கதவிலும் இருந்தது. அவர் ராத்திரி வேலைக்குப் போகும்போது கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒட்டிவிட்டுப் போவார். அம்மா காலையில் எழுந்ததும் துடைப்பக் கட்டையால் அதை ஒரு தட்டுத் தட்டி அறுத்துவிட்டுப் பெருக்க ஆரம்பிப்பார். வேலை முடிந்து வந்த அப்பா அறுந்த நுனியைக் குனிந்து பார்ப்பார். "காலையிலதான் அறுத்தேன்" என்பார் அம்மா. "நான் கேக்கலியே" என்பார் அப்பா. இதுதான் நான் பார்த்து வளர்ந்த குடும்பப் பேச்சு.

எனக்குப் பதினைந்து வயதில் அம்மா ஒரு பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். பெரிய சண்டை ஒன்றும் இல்லை. முந்தின நாள் கோயிலிலிருந்து வரத் தாமதமானதற்கு அப்பா கேள்வி மேல் கேள்வி கேட்டார். அம்மா ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. அவ்வளவுதான். பெண்டாங்கில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், சமையல்கட்டில் அவருக்கு வேலை கிடைத்தது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்பா தோட்டத்தில் எல்லாரிடமும் வேறு கதை சொன்னார். "அவ அக்காவுக்கு ஒடம்பு முடியல. ஜொகூருக்குப் போயிருக்கா, பாத்துக்க." என்னிடம், "அவ பேச்ச எடுக்காத" என்றார். நான் எடுக்கவில்லை. எடுக்காமலே ஒரு வேலை செய்தேன்.

அம்மா என் வகுப்புத் தோழி வீட்டுக்குப் போன் செய்து என்னைப் பிடித்துவிட்டார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பள்ளியில் கூடுதல் வகுப்பு என்று சொல்லிவிட்டு நான் சுங்கைப்பட்டாணிக்குப் பஸ் ஏறுவேன். அவர் பெண்டாங்கிலிருந்து வருவார். பஸ் ஸ்டாண்டில் ஒரு பெஞ்சில் உட்காருவோம். எனக்குக் குடிக்க மைலோ வாங்கித் தருவார். ஒரு மணி நேரம்தான். பிறகு அவர் பஸ்ஸில் அவர், என் பஸ்ஸில் நான்.

இந்த மாதிரி விஷயம் தோட்டத்தில் எத்தனை நாள் மறைந்திருக்கும்? லாரியில் போன யாரோ என்னைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்துவிட்டார்கள். அம்மாவைப் பார்க்கவில்லை, என்னை மட்டும். வருகிற பஸ்ஸை எல்லாம் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாளாம். அது போதாதா? ஊர்ப் பேச்சில் நான் காதலிக்கும் ஒரு பையன் பிறந்துவிட்டான். முதலில் அவன் ஃபேக்டரியில் வேலை செய்தான். அடுத்த வாரம் பஸ் டிரைவர் ஆனான். தீபாவளிக்குள் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனும் ஆகிவிட்டான். அந்த வேகத்தில் யாரும் வாழ்க்கையில் முன்னேறி நான் பார்த்ததில்லை.

கோயில் திருவிழாவில் வயசுப் பெண்கள் மாவிளக்கு எடுப்பது எங்கள் தோட்டத்து வழக்கம். அந்த வருஷம் என் பெயரும் இருந்தது. கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். முதல் லயத்து அத்தைதான் பெண்கள் பக்கத்துப் பொறுப்பு. எங்களுக்கு உறவில்லை, தோட்டத்தில் எல்லாருக்கும் அவர் அத்தை. எழுந்து நின்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்:

"இந்த வருஷம் ஜாகா மகள் வேணாம். மத்தப் புள்ளைங்களோட அம்மாமாரு ஒரு மாதிரியா நெனைக்கிறாங்க. நான் சொல்லலப்பா, அவங்க சொல்றாங்க."

அப்பா பின்னால் தூணில் சாய்ந்து நின்றிருந்தார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என் அப்பா, ஒரு மூட்டைக் கட்டிப்பாலுக்காகக் குலிம் வரை துரத்தியவர், இப்போது ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். அவர் மண்டபத்துக் கதவைப் பார்த்தபடி நின்றார். வீட்டுக்கு வந்தோம். சாப்பிட்டார். தட்டைக் கழுவி வைத்தார். படுத்துவிட்டார். அவரும் நம்பிவிட்டார் என்று எனக்கு அப்போது முடிவாகத் தெரிந்தது. அன்றிலிருந்து அவரோடு நான் பேசியதெல்லாம் கணக்குக்குப் பேசியதுதான்.

படிப்பு முடிந்ததும் அலோர் ஸ்டாருக்குப் போய்விட்டேன். மெர்கோங்கில் ஒரு கல்யாண வீடியோ கடையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு அதே வரிசையில் என் சொந்தக் கடையைப் போட்டேன். இந்தத் தொழிலுக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. மணமேடையில் யார் யாரை முறைக்கிறார்கள், எந்தச் சித்தப்பா போட்டோவில் நிற்காமல் நழுவுகிறார், தாலி கட்டும்போது யார் கண்ணில் தண்ணீர், அது எந்த வகைத் தண்ணீர், எல்லாம் என் கண்ணில் படும். அந்தக் கண் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதற்காக அவருக்கு நன்றி சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை.

அம்மா பெண்டாங்கிலேயே இறந்தார். நான் போய் எல்லாம் செய்தேன். அப்பாவுக்குப் போனில் சொன்னேன். "எதுக்குச் சொல்ற?" என்றார். நான் போனை வைத்துவிட்டேன். அந்த நிமிஷத்தில் நினைத்ததுதான் படம். ஒரு நாள் இந்த மனிதரைக் கேமரா முன்னால் உட்கார வைத்து, ஒரே ஒரு கேள்வி கேட்பேன். அன்றைக்கு அந்தப் பேச்சை நீங்கள் நம்பினீர்களா இல்லையா? நம்பினேன் என்றால் நம்பினேன். தப்புப் பண்ணிவிட்டேன் என்று அவர் வாயால் ஒரு வார்த்தை. அதைப் பதிவு செய்து கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குமேல் எனக்கு ஒன்றும் வேண்டாம்.

பினாங்கில் வாரக் கடைசியில் நடந்த ஒரு படப் பயிற்சியில் சேர்ந்தேன். 'ஒரே அறையில் உங்களால் சேர்ந்து உட்கார முடியாத ஒருவரைப் படம் எடுங்கள்' என்றார்கள். மற்றவர்கள் யோசித்தார்கள். நான் என் காடியை ஓட்டிக்கொண்டு நேராகக் கரங்கானுக்கு வந்துவிட்டேன்.

தோட்டம் அப்போது செம்பனை ஆகிப் பாதி, வீடாகிப் பாதி. அப்பா தாமான் என்கிற குடியிருப்பில் ஒரு மலிவு வீட்டில் இருந்தார். நான் மூன்று கால் ஸ்டாண்டை விரித்து, கேமராவை மாட்டி, அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். உட்கார்ந்து விசாரித்தார்.

"இதுல புடிக்கிறது எங்க போவுது?"

"உள்ள ஒரு கார்டு இருக்குப்பா. அதுல."

"கார்டு எங்க போவுது?"

"என் கம்ப்யூட்டருக்கு."

"அத யாரு பாப்பா?"

"நான்தான் பாப்பேன்."

"நீ மட்டும் பாக்குறதுக்கு எதுக்குப் புடிக்கிற? இங்கயே ஒக்காந்து பாத்துட்டுப் போயிரு."

நியாயமான கேள்விதான். அவர் எழுந்து தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கேமராவின் மேல் போட்டு மூடினார். நான் தண்ணீர் குடிக்கச் சமையல்கட்டுக்குப் போய் வருவதற்குள் அதன் பேட்டரியையும் எங்கோ எடுத்து வைத்துவிட்டார். கேட்டால் தெரியாது என்றார். சாயங்காலம் நான் கிளம்பும்போது அரிசி டின்னிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

இப்படியே பல வாரம் போனது. கைகளை மட்டும் எடுக்கிறேன் என்றேன். கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். குரலை மட்டும் என்றேன், பேசுவதை நிறுத்தினார். ஒட்டுப்பால் நூலைக் கதவில் கட்டி அதை எடுத்தேன். அதைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "முடிச்சு இப்படிப் போட்டா ஒரு பூனகூட மாட்டாது" என்றார். அவரே அவிழ்த்துச் சரியாகக் கட்டினார். கட்டும்போது நான் எடுப்பது தெரிந்ததும் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

பயிற்சியில் கொடுத்த கெடு நெருங்கிவிட்டது. எனக்கு வெறுத்துப்போய், கேமராவை அவர் கையில் திணித்தேன். "அப்ப நீங்களே புடிங்க. நான் ஒக்காருறேன். நீங்க கேளுங்க. ஒங்களுக்குத்தான் கேள்வி கேக்கத் தெரியுமே!" என்றேன். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அந்த மனிதர் கேமராவை ராத்திரி ரோந்துக்கு டார்ச் லைட் பிடிக்கிற மாதிரி இடுப்புக்கு மேலே பிடித்துக்கொண்டு, சிவப்புப் பொத்தான் எது என்று கேட்டார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் என் படம்.

என் படத்தில் அப்பா ஓர் இடத்தில்கூடத் தெரிய மாட்டார். படம் முழுக்க நான்தான், அவர் பார்க்கிற நான். அவர் என் முகத்திலிருந்து ஆரம்பிக்கவே இல்லை. முதலில் வாசலில் கிடந்த என் செருப்பைப் பிடித்தார். அதில் ஒட்டியிருந்த செம்மண்ணைக் கிட்டே போய்ப் பிடித்தார். பிறகு என் கைப்பை. அதன் ஜிப் பாதி திறந்திருந்தது. பிறகு ஜன்னல் கொக்கி. கட்டிலுக்கு அடியில். அதற்குப் பிறகுதான் நான். அதிலும் எனக்குப் பின்னால் கதவு தெரிகிற மாதிரிதான் எப்போதும் நின்றார். பினாங்கில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் இதைப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு கேமராக் கோணத்தை நான் பார்த்ததே இல்லை என்று தலையில் கை வைத்துக்கொண்டார். நான் பிறந்ததிலிருந்து இந்தக் கோணத்தில்தான் இருக்கிறேன் என்று அவரிடம் சொன்னேன்.

கேமரா கையில் இருந்தால் அப்பாவுக்குப் பேச்சு வந்தது. எங்கே வேலை, வாடகை யார் கொடுக்கிறார்கள், போனில் அடிக்கடி கூப்பிடுகிறவர் யார், ஏன் கல்யாணம் பண்ணவில்லை. நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஒவ்வொரு பதிலுக்கும் அவர் 'ம்' என்பார். நம்புகிற 'ம்' இல்லை. அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்கிற 'ம்'.

ஒரு ஞாயிறு மத்தியானம், வெளியே நல்ல மழை. அவர் பிடித்துக்கொண்டிருந்தார். இனிமேல் தாங்காது என்று நான் கேட்டுவிட்டேன்.

"இப்ப நான் ஒண்ணு கேக்குறேன்ப்பா. சுங்கைப்பட்டாணி பஸ் ஸ்டாண்டுல நான் எவனையோ பாக்கப் போனேன்னு சொன்னாங்களே, நீங்க நம்புனீங்களா?"

எதுக்குக் கேக்குற என்று வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"நீ அம்மாவப் பாக்கப் போன" என்றார்.

மழைச் சத்தத்தில் சரியாகத்தான் கேட்டது. இருந்தாலும் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அம்மாவப் பாக்கத்தான் போன. அப்பவே தெரியும்."

எனக்கு உடனே சந்தேகம்தான் வந்தது. அவர் மகள் இல்லையா? அம்மாவின் சாவுக்கு வந்த யாரோ சொல்லியிருப்பார்கள், அதை வைத்து இப்போது நல்லவர் ஆகப் பார்க்கிறார் என்று தோன்றியது.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? காலையில நீயா பின்னிக்கிட்டுப் போன சட வேற. சாயங்காலம் வந்த சட வேற. காதுக்கு மேலேந்து எடுத்து, மயிரு ஒண்ணு தெரியாம இறுக்கி, நுனியில ரெண்டு சுத்து. அது அவ பின்னுற சட."

அது உண்மை. பெஞ்சில் உட்கார்ந்ததும் அம்மா முதலில் என் சடையைத்தான் அவிழ்ப்பார். "என்னாடி இது, எலி வாலு மாதிரி" என்று திட்டிக்கொண்டே புதிதாகப் பின்னுவார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கேகூட மறந்து போயிருந்தது. வீடு திரும்பும்போது அம்மாவின் கை என் தலையில் இருந்ததை நான் மறைக்க நினைக்கவே இல்லை. அதைப் பார்த்து ஒருவருக்குத் தெரியும் என்று எப்படித் தோன்றும்?

"அடுத்த மாசம் பின்னாலயே மோட்டார்ல வந்தேன்" என்றார். "எதுத்தாப்புல பழக்கட. அங்க நின்னேன்."

"சரி, விட்டுப் புடிச்சிட்டீங்க. தெரிஞ்சிபோச்சு. அதோட விட்டீங்களா?"

"இல்ல. நீ போனப்பல்லாம் வந்தேன்."

"என்னைய நம்பாமயா?"

படத்தில் இந்த இடத்தில் கேமரா மெதுவாகக் கீழே இறங்கும். என் மடி, பிறகு தரை.

"ஒன்னப் பாக்க வர்ல" என்றார். "ஒனக்கு மைலோ வாங்கிக் குடுத்துட்டு அவ குடிக்காம ஒக்காந்திருப்பா. மெலிஞ்சி போயிருந்தா."

எனக்கு அழுகை வந்தது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. இந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! தெரிந்துகொண்டுதான் அந்தத் தூணில் சாய்ந்து நின்றிருக்கிறார். நம்பிவிட்டார் என்று நினைத்தே அவரை வெறுத்தேன். நம்பவில்லை என்று தெரிந்தபோது அதற்கு மேலேயே வெறுக்கத் தோன்றியது.

"கோயில் மண்டபத்துல என் பேர எடுத்தப்ப ஏம்ப்பா வாயத் தொறக்கல?"

"ஒன்னப் பத்தின பேச்சு ரெண்டு வருசத்துல அடங்கிரும். சின்னப் புள்ள. அவளப் பத்தி ஆரம்பிச்சா அடங்காது. சாப்பாட்டுக் கடையில நிக்கிறா, யாரு கட, எந்தப் பாய்னு போயிக்கிட்டே இருக்கும்."

"அதனால என்னையத் தூக்கிக் குடுத்தீங்க."

சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்தினார். கேமராவைத் திருப்பித் தரும்போது, "இந்த எடத்த வெட்டிரு" என்றார். "செத்தவள எதுக்கு ஊரு வாயில போடணும்?"

என் கடையில் உட்கார்ந்து அந்தப் படத் துண்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அது வெளியே வந்தால் என் பெயர் சுத்தம். எத்தனையோ வருஷமாக நான் கேட்டது அதுதான். ஆனால் பெஞ்சில் மைலோவைத் தொடாமல் உட்கார்ந்திருந்த அம்மாவை அந்தத் தோட்டத்து வாய்களுக்குக் கொடுக்க எனக்கும் மனம் வரவில்லை. கடைசியில் சத்தத்தை மட்டும் நீக்கிவிட்டேன். படத்தில் என் முகம் இருக்கும், வாய் அசையும், கண் நிறையும், கேமரா தரைக்கு இறங்கும். ஒரு சத்தமும் வராது. பினாங்கில் அந்த இடத்துக்குக் கை தட்டினார்கள். மௌனத்தின் துணிச்சல் என்றார் ஒருவர். நான் தலையாட்டி வைத்தேன்.

பிறகு கரங்கான் தாமான் இளைஞர்கள், நம்ம ஊர்க்காரி எடுத்த படம் என்று பாலாயில், அதுதான் எங்கள் தாமானின் பொது மண்டபம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் திரை கட்டிவிட்டார்கள். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. அப்பா வர மாட்டார் என்று நினைத்தேன். அவர் எனக்கு முன்னால் போய்க் கடைசி வரிசையில், கதவு தெரிகிற நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பழைய தோட்டத்து ஆட்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள். முதல் லயத்து அத்தையும். அவருக்கு இப்போது தலை முழுக்க வெள்ளை. கறிபாப் பொரித்துக் கொண்டுவந்திருந்தார்.

செருப்பையும் ஜன்னல் கொக்கியையும் பார்த்து ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். அப்பாவின் கேள்விகளுக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். சத்தமில்லாத இடம் வந்ததும், மெஷின் கெட்டுப்போச்சா என்று ஒருவர் எழுந்து ஸ்பீக்கரைத் தட்டினார்.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். எல்லாருக்கும் தேத்தண்ணி வந்தது. அத்தை கறிபாப் தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு மண்டபத்துக்கே கேட்கிற மாதிரிக் கேட்டார்:

"நல்லாத்தான் புடிச்சிருக்கம்மா. அந்தச் சத்தம் வராத எடத்துல அப்பாகிட்ட என்னா சொல்லி அழுவுற? அந்தப் பையன் சமாச்சாரம்தான? நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். வயசுல எல்லாரும் பண்றதுதான்லா."

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து என்னை மன்னிக்க வந்திருந்தார். சுற்றி நின்றவர்கள் தேத்தண்ணியை ஊதுவதை நிறுத்திவிட்டார்கள். நான் வாயைத் திறந்தேன். எதைச் சொன்னாலும் அம்மாவில் போய் முடியும் என்று தெரிந்ததும் மூடிக்கொண்டேன்.

பின்னால் நாற்காலி நகர்ந்தது.

"பையன் எவனும் இல்ல." அப்பா எழுந்து நின்றிருந்தார். கையில் தேத்தண்ணிக் கோப்பை. "அவ அம்மாவப் பாக்கப் போனா. என் வீட்டுக்காரி ஜொகூருக்கெல்லாம் போகல. என்னைய விட்டுட்டுப் போயிட்டா. பெண்டாங்குல கடையில வேல செஞ்சா. மக போயிப் பாத்துட்டு வந்தா. நான் பின்னாலயே போயிப் பாத்தேன். எனக்கு அன்னைக்கே தெரியும்."

அப்பா ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லை. அத்தை அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஓ" என்றார். "அம்மாவத்தானா?"

பிறகு தட்டை என் பக்கம் நீட்டினார். "எடுத்துக்கம்மா. ஆறிப்போவுது."

அவ்வளவுதான். யாரும் மயங்கி விழவில்லை. யாரும் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்பீக்கரைத் தட்டியவர் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார். நான் அந்தக் கறிபாப்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இதற்குத்தானா? அரைக் கோப்பைத் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் முடிந்துபோகிற பேச்சுக்காகவா நான் அலோர் ஸ்டாருக்கு ஓடி, இந்த ஊர்ப் பக்கமே வராமல் இருந்தேன்?

அப்பாவைக் காடியில் ஏற்றிக்கொண்டேன். ஏறுவதற்கு முன் அவர் பின் ஸீட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தார். வண்டியைக் கிளப்பாமலே கேட்டேன். "இவ்ளோதானப்பா? இத அன்னைக்கே அந்த மண்டபத்துல சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குச் சொல்லியிருந்தா," என்றார், "அவ எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வீட்டுக்குத் திரும்பி வருவா?"